பாடிவிட்டுப் போனவர்கள் – 11: எம்ஜிஆர் பாட்டு

போன வாரம் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு நிறுத்தியிருந்தோம். 1933-ல் அவர் போனபோது வயது 27. இந்த வாரத்து ஆள் அவரைவிட இரண்டு வயது கூட இருந்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் கதையை அவர் ஊரிலிருந்து தொடங்க எனக்கு வரவில்லை. எங்கள் ஊரிலிருந்துதான் வருகிறது.

மீன்சுருட்டியில் எங்கள் சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆஹூஜா பெட்டி, ரெக்கார்டு பிளேயர், இரண்டு குழாய், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ரெக்கார்டு. அணைக்கரைப் பக்கமிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார். கூடப் போகிற எடுபிடி நான். குழாயை எடுத்துக்கொண்டு மரமேறுவது என் வேலை. காலையில் முதல் தட்டு பிள்ளையாருக்கு, அதற்கடுத்தது முருகனுக்கு. சாமி கணக்கு முடிந்ததும் பந்தலில் இருக்கிற பெரிசுகள் கையைத் தூக்கும்: “தம்பி, எம்ஜிஆர் பாட்டு ஒண்ணு போடு.”

1977-ஐ ஒட்டிய காலம். எம்ஜிஆர் முதலமைச்சர் ஆகியிருந்தார். “எம்ஜிஆர் பாட்டு” என்றால் எது என்று சித்தப்பாவுக்குத் தெரியும். ‘நாடோடி மன்னன்’ தட்டை உறையிலிருந்து உருவி, வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்து, ஊசியை மெல்ல இறக்குவார். முதலில் கரகரவென்று ஒரு இரைச்சல். அதற்குப் பிறகு டி.எம்.சௌந்தரராஜன் குரல் முந்திரிக் கொல்லைகளைத் தாண்டிப் போகும். தட்டின் நடுவில் இருக்கும் வட்டத்தில் படத்தின் பெயரைப் படிப்பேன், பாடியவர் பெயரைப் படிப்பேன். எழுதியவர் யார் என்று தேடியதே இல்லை. அதுதான் எம்ஜிஆர் பாட்டாயிற்றே.

கடைத்தெரு டீக்கடை பெஞ்சில் ஒரு தோழர் உட்கார்ந்திருப்பார். சிவப்புத் துண்டு, பல்லுக்கிடையில் வெற்றிலை. ஒருநாள் அந்தப் பாட்டு ஓடுகிறபோது சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “அது எம்ஜிஆர் பாட்டு இல்லப்பா. எங்க பாட்டு. உங்காளு வாங்கிட்டுப் போயிட்டாரு.” சித்தப்பா சிரித்தார். “யாரு பாட்டா இருந்தா என்னண்ணே, வாடகை எனக்குத்தானே வருது” என்றார்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அன்றைக்கு.

*

பட்டுக்கோட்டைப் பக்கம் காடு என்று முடிகிற ஊர்கள் நிறைய. தஞ்சாவூர் ஜில்லா என்றதும் வயலும் வாய்க்காலும்தான் நமக்குக் கண்முன் வரும். அந்தத் தெற்குப் பகுதி அப்படிப்பட்டதல்ல. மேட்டுப்பூமி, வானம் பார்த்த பூமி. 1934-ல் மேட்டூர் அணை வந்து, கல்லணைக் கால்வாய் வெட்டிய பிறகுதான் அந்தச் சீமைக்குக் காவிரித் தண்ணீர் போனது. அங்கே அதைப் ‘புதாறு’ என்பார்கள், புது ஆறு. எங்கள் மீன்சுருட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். கொள்ளிடத்துக்குத் தெற்கே எல்லாம் பச்சையாக இருக்க, வடகரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர். அதனாலோ என்னவோ, அந்த மனுஷரின் பாட்டில் இருக்கிற வெயில் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

செங்கப்படுத்தான்காடு என்ற ஊரில் 1930 ஏப்ரல் 13 அன்று பிறந்தார். அப்பா அருணாசலனார், அம்மா விசாலாட்சி. அப்பாவும் பாட்டுக் கட்டுகிறவர். ‘முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி’ என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். வழிநடைக் கும்மி என்றால், நடந்து போகிற வழியிலுள்ள ஊர்களையும் குளங்களையும் கோயில்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. காலடி விழுகிற கணக்கில் சொல் விழும். பிள்ளை அதைக் கேட்டுத்தான் வளர்ந்தது. பள்ளிக்கூடம் திண்ணைப் பள்ளியோடு சரி. இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. மேற்கொண்டு எழுத்தும் படிப்பும் அண்ணன் கணபதிசுந்தரத்திடம்.

முதல் பாட்டு 15 வயதில். குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறான் பையன். தண்ணீரில் ஒரு கெண்டைக் குஞ்சு தலையைக் காட்டுகிறது. தூண்டில்காரன் வருவதற்குள் ஓடிவிடு என்று அதனிடம் பாட்டாகச் சொல்கிறான். பேரிலேயே மீனை வைத்திருக்கிற ஊர்க்காரன் நான், இதைப் படித்தபோது நின்று இன்னொரு தரம் படித்தேன். இந்த ஆள் கடைசிவரைக்கும் செய்த வேலை இதுதான். சின்ன உயிரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரிய வாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுப்பது. பின்னாளில் கெண்டைக்குப் பதிலாகத் தம்பி வந்தான், சின்னப் பயல் வந்தான், பாப்பா வந்தது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் விடாமல் ஒரு பட்டியல் போடுவார்கள்: 17 தொழில் செய்தவர் என்று. உழவு, மாடு மேய்ப்பு, மாட்டு வியாபாரம், மாம்பழம், இட்லி, முறுக்கு, தேங்காய், கீற்று, நண்டு மீன் பிடித்தது, உப்பளம், மிஷின் ஓட்டியது, தண்ணீர் வண்டி, நாடகம், ஆட்டம் என்று அது போகும். மேடையில் இதை அடுக்கினால் கைதட்டல் நிச்சயம். எனக்கு அந்தக் கைதட்டலில் கொஞ்சம் கூச்சம் உண்டு. 25 வயதுக்குள் ஒருவன் இத்தனை வேலை மாற்றினான் என்றால், எதிலும் வயிறு நிறையவில்லை என்றுதானே பொருள்? அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாட்டுக்கு அது உதவியது. உப்பளத்து வரப்பில் நின்றவனுக்கு வெயிலை வர்ணிக்க உவமை தேவைப்படாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவனுக்கு, வெளியே ஒரு பேச்சும் உள்ளே ஒரு கணக்கும் எப்படி ஓடும் என்று யாரும் கற்றுத்தர வேண்டாம்.

*

அவர் வாலிபத்தில் தஞ்சைச் சீமை கொதித்துக்கொண்டிருந்தது. பண்ணையாள்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண். பி.சீனிவாச ராவ் வந்து விவசாயச் சங்கம் கட்டி, 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டதில்தான் அது தளர ஆரம்பித்தது. 1948-ல் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 மே மாதம் வாட்டாக்குடி இரணியன், ஆம்பலாப்பட்டு ஆறுமுகம், ஜாம்பவானோடை சிவராமன் மூவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். எல்லாம் பட்டுக்கோட்டையைச் சுற்றிய ஊர்கள். கல்யாணசுந்தரத்துக்கு அப்போது 20 வயது. விவசாயச் சங்க மேடையில் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு அந்த மூன்று பெயரும் பக்கத்து ஊர்ப் பெயர்கள்.

அவர் கவிதை முதன்முதலில் அச்சேறியது 1954-ல், ‘ஜனசக்தி’யில். கட்சிப் பத்திரிகை. டீக்கடைத் தோழர் “எங்க பாட்டு” என்று உரிமை கொண்டாடியதற்கு ஆதாரம் அங்கே இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாரதிதாசன். புதுச்சேரிக்குப் போய் அவரோடு தங்கி, ‘குயில்’ இதழ் வேலையைப் பார்த்தார். தாளை எடுத்தால் பிள்ளையார் சுழிக்குப் பதிலாகப் பாரதிதாசனை வாழ்த்தி ஒரு வரி எழுதிவிட்டுத்தான் தொடங்குவாராம். ‘அகல்யா’ என்று பெண் பெயரில் கவிதை எழுதிக் கட்டோடு கட்டாகச் சேர்த்துவிட, ஆசிரியருக்குப் பிடித்துப்போய் இதழில் வந்துவிட்டது என்றும் ஒரு கதை சொல்வார்கள். இந்த மாதிரி கதைகளில் நான் வழக்கமாகப் பாதியைக் கழித்துவிடுவேன். இதை மட்டும் முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் அனுப்பி, அது தனியாக நிற்கிறதா என்று பார்க்கிற ஆசை எழுதுகிற எவனுக்கும் உண்டு.

நடுவே சக்தி நாடக சபாவில் கொஞ்ச காலம். சிவாஜி கணேசன் நடித்துக்கொண்டிருந்த அதே சபா. அதற்குப் பிறகு சென்னை. ராயப்பேட்டையில் ஒரு அறை, ஓ.ஏ.கே.தேவர் அறைக்கூட்டாளி, பாட்டுக்கு அலைச்சல். இந்தப் பகுதி எல்லாச் சினிமாக்காரர் வரலாற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், தாண்டிப் போவோம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பாசவலை’ எடுத்தது 1956-ல். இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. புதுப் பையன் ஒருவன் எழுதி வந்திருக்கிறான், பாருங்கள் என்றதற்கு, இருக்கிற நெருக்கடியில் புது ஆளெல்லாம் வேண்டாம் என்று தட்டிக்கழித்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். தாளை வாங்கிப் படித்த பிறகு தலையில் அடித்துக்கொண்டதையும் அவரேதான் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். அந்தத் தாளில் இருந்தது எது யாருக்குச் சொந்தம் என்று கேட்கிற பாட்டு. ஆட்டுக்குட்டி வழிதவறினால் நரி வாய்க்குப் போகும். நரி வழிதவறினால் வேட்டைக்காரன் கைக்குப் போகும். இப்படியே படிப்படியாக ஏறிக்கொண்டு போய், ஒன்றை இன்னொன்று தின்கிற சங்கிலியைக் காட்டிவிட்டு, இதில் உன்னுடையது என்று எதைச் சொல்வாய் என்று மடக்கும். தத்துவம் என்று சொல்லி இதற்கு விபூதி பூசிவிட்டார்கள். எனக்கு இது நிலத்தகராறு பார்த்து வளர்ந்த ஒருவனின் குறுக்கு விசாரணையாகத்தான் கேட்கிறது.

*

இப்போது சித்தப்பாவின் தட்டுக்கு வருவோம்.

‘நாடோடி மன்னன்’ 1958 ஆகஸ்ட் 22-ல் வந்தது. எம்ஜிஆரே தயாரித்து, எம்ஜிஆரே இயக்கிய படம். எடுத்தவுடன் ஒரு ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைத் தூக்கி நிற்கிற சின்னம். ஒரு வருஷம் முன்னால்தான் தி.மு.க. முதல்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடம் பிடித்திருந்தது. அப்படிப்பட்ட கொடிக்குக் கீழே, செங்கொடிக்காரர் ஒருவர் எழுதிய பாட்டு ஓடுகிறது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. சௌந்தரராஜனும் பானுமதியும் பாடுவது.

வயலைப் பற்றிய அந்தப் பாட்டு உண்மையில் ஒரு வாக்குவாதம். ஆண் விளைச்சலைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். கொத்தினோம், நட்டோம், பாய்ச்சினோம், பார் எப்படி வந்திருக்கிறது என்கிறான். பெண் ஒரே கேள்வியில் அதைக் கவிழ்க்கிறாள்: விளைந்து நமக்கு என்ன வந்தது? அவன் பொறு என்கிறான், நமக்கும் காலம் வரும் என்கிறான். அவள் விடவில்லை. மாடாக உழைத்தவன் வீட்டில் ஏன் பசி என்கிறாள், அடுத்ததைக் கேட்கிறாள், அதற்கடுத்ததையும் கேட்கிறாள். ஒவ்வொரு கேள்வியும் கும்மியில் கை தட்டுகிற இடத்தில் வந்து விழும். அப்பாவின் வழிநடைக் கும்மியில் ஊர்ப் பெயர்கள் இருந்த இடத்தில், பிள்ளை கேள்விகளை உட்கார வைத்துவிட்டார்.

முடிவில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதைத்தான் நான் பல வருஷம் கவனிக்காமல் விட்டேன். கேட்டுக் கேட்டு அவள் மூலையில் நிறுத்தியதும், ஆண் சொல்கிற பதில் சங்கம் சேருவோம் என்பதில்லை. சட்டத்தை நானே கொண்டுவருகிறேன் என்கிறான். படத்தில் நாடோடி ராஜா வேஷத்தில் அரியணை ஏறிச் சட்டம் போடுகிறான், கதைக்கு அது பொருத்தம்தான். ஆனால் டீக்கடைத் தோழர் பாட்டைத் தொலைத்த இடமும் சரியாக இதுதான். கேள்வி முழுக்க விவசாயச் சங்கத்துக் கேள்வி. பதிலோ கதாநாயகன் பதில். கொட்டகையில் இருந்த ஜனம் பதில் சொன்னவன் முகத்தைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது.

கதாநாயகன் குறுக்கே வராதபோது அவர் எப்படி எழுதினார் என்று பார்க்க ‘இரும்புத்திரை’யைக் கேட்க வேண்டும். அவர் காலமான பிறகு, 1960-ல் வந்த ஜெமினி படம். அதில் திருச்சி லோகநாதன் பாடுகிற ஒரு பாட்டு. கூலியை வாங்குகிற கைக்கும் அதைப் போடுகிற பைக்கும் நடுவில் பணம் காணாமல் போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். மளிகைப் பாக்கி, வீட்டுச் செலவு என்று எண்ணிக்கொண்டே போகிறான் தொழிலாளி. சட்டமும் இல்லை, திட்டமும் இல்லை, தீர்வும் இல்லை. சம்பள நாள் சாயங்காலம் மட்டும் இருக்கிறது. அவர் பாட்டுகளில் எனக்கு ஒன்றே ஒன்று போதும் என்றால் இதைத்தான் எடுப்பேன். இதை யாரும் எம்ஜிஆர் பாட்டு என்று சொல்ல முடியாது என்பது கூடுதல் சௌகரியம்.

சமீபத்தில் தம்பி மகன் ஊருக்கு வந்திருந்தான். நான் இந்தத் தொடர் எழுதுவது தெரிந்து, “பெரியப்பா, இவரையும் எழுதுங்க” என்று போனை நீட்டினான். பிம்ப் சி. அமெரிக்காவின் தெற்கே டெக்சாஸில் போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய் ஆலை ஊர்க்காரர். பன் பி என்ற நண்பரோடு சேர்ந்து யூ.ஜி.கே. என்ற குழுவை நடத்திய ராப் பாடகர். 2007 டிசம்பரில் போய்விட்டார், வயது 33. பாட்டு எனக்குப் பாதிக்குமேல் பிடிபடவில்லை, பிடிபட்ட இடங்களில் சிலது வீட்டுக்கூடத்தில் கேட்கிற மாதிரியும் இல்லை. ஆனால் பையன் சொன்ன இரண்டு விஷயம் காதில் நின்றது. அப்பா டிரம்பெட் வாசிப்பவராம். தான் செய்வது நியூயார்க் மாதிரி ராப் இல்லை, நாட்டுப்புறத்து ராப் என்று பிம்ப் சி சொல்லிக்கொள்வாராம். 1995-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருது விழாவில் வேறொரு தெற்கத்திக் குழுவுக்கு விருது அறிவித்ததும் கூட்டம் ஊளையிட்டிருக்கிறது. அந்தக் குழுவிலிருந்து மேடையேறிய ஒருவன், தெற்குக்கும் பேச விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான்.

“நம்மகிட்டயும் ஒருத்தர் இருந்தார்டா” என்றேன். “பேர்லயே ஊரை வெச்சிருந்தார்.” கல்யாணசுந்தரம் என்றால் கோடம்பாக்கத்தில் எந்தக் கல்யாணசுந்தரம் என்று கேட்பார்கள். பட்டுக்கோட்டை என்றால் போதும், ஆள் வந்துவிடும். ஊர் பெயருக்கு முன்னால் நின்று, கடைசியில் பெயரையே விழுங்கிவிட்டது. ராகமாலிகையும் மணிப்பிரவாளமும் புழங்கிய பாட்டறைக்குள் மச்சான், பயலே, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு போனவருக்கு அந்த முகவரி தேவைப்பட்டது.

*

1957 செப்டம்பரில் கல்யாணம். மனைவி பெயர் கௌரவாம்பாள். 1959 ஏப்ரலில் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாணப்பரிசு’ வந்தது. ஏ.எம்.ராஜா இசை, பாட்டு மொத்தமும் பட்டுக்கோட்டையார். சங்க மேடைக்காரர் காதலுக்கும் எழுதுவாரா என்று கேட்டவர்கள் அதோடு வாயை மூடினார்கள். கோவைத் தொழிலாளர்கள் ‘மக்கள் கவிஞர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். அந்த வருஷமே மகன் பிறந்தான், குமாரவேல்.

1959 அக்டோபர் 8, சென்னையில் இறந்துபோனார். 29 வயது. குழந்தைக்கு ஐந்து மாதம்.

சினிமாவுக்கு எழுதியது ஐந்து வருஷம்கூடச் சரியாக இல்லை. அதற்குள் சுமார் 200 பாட்டு. கண்ணதாசன் கலங்கிப்போய் இரங்கற்பா எழுதினார். போட்டிக்காரர்கள் என்று ஊர் பேசிய இருவர், உண்மையில் சிநேகிதர்கள். சினிமாவில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டு எழுதினவர் போன பிறகும் படம் வந்துகொண்டே இருக்கும். ‘அரசிளங்குமரி’யும் ‘திருடாதே’யும் 1961-ல்தான் வந்தன. பையனுக்குப் புத்தி சொல்கிற பாட்டும், பாப்பாவுக்குத் திருட்டு ஆகாது என்கிற பாட்டும் ஊரெல்லாம் ஒலித்தபோது சொன்னவர் இல்லை. அவர் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது.

1972-ல் எம்ஜிஆர் தனிக்கட்சி கண்டார். பாட்டுகளும் தி.மு.க. மேடையிலிருந்து இறங்கி அவர் பின்னாலேயே நடந்து போய்விட்டன. எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் தலைவர் வர நாலு மணிநேரம் தாமதமானால், அந்த நாலு மணிநேரத்தையும் சமாளித்தது பட்டுக்கோட்டைதான். ஒருவிதத்தில் எம்ஜிஆர் நியாயமாகவே நடந்துகொண்டார். தன் முதலமைச்சர் நாற்காலியின் நாலு காலில் மூன்று எதுவென்று தெரியாது, ஒரு கால் பட்டுக்கோட்டையின் பாட்டு என்ற பொருளில் வெளிப்படையாகச் சொன்னார். 1981-ல் பாவேந்தர் விருதைக் கௌரவாம்பாள் கையில் கொடுத்ததும் அவர்தான். சினிமாவில் பட்ட கடனை இவ்வளவு உடைத்துச் சொன்ன நடிகர்கள் குறைவு. இருந்தாலும் நாற்காலிக் கால் நாற்காலிக்குத்தான் சொந்தம், மரத்துக்கு அல்ல.

1993-ல் அவர் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டையில் மணிமண்டபமும் வந்தது. சொந்தம் என்று எதைச் சொல்வாய் என்று கேட்டவரின் பாட்டு சட்டப்படியே எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். மைக் செட்டை அவர் அப்போது விற்கப் பேசிக்கொண்டிருந்தார். கேசட் வந்து ரெக்கார்டைக் காலி செய்திருந்தது. “அப்ப தோழர்கிட்டச் சொல்லு, அவருக்கும் பங்கு உண்டுன்னு” என்றார்.

தோழர் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார். அவர் இறந்தபோது நான் ஊரில் இருந்தேன். மேலே செங்கொடி போர்த்தியிருந்தார்கள். வாசலில் பறை. தெருமுனையில் ஒரு பையன் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கரை அடுக்கிப் பென் டிரைவைச் சொருகிக்கொண்டு என்ன போடுவது என்று தெரியாமல் நின்றான். உள்ளேயிருந்து தோழரின் பேரன் வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

“தாத்தாவுக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. அந்த எம்ஜிஆர் பாட்டு, அதைப் போடு” என்றான்.

பையன் தேடிப் போட்டான். பானுமதி கேட்க ஆரம்பித்தார்.

(தொடரும்)